மத்தேயு 24 நடந்து முடிந்த கதையா? பினாங்கிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி, ஜூலை 7, 2024
செந்தூலிலிருந்து ஒரு வாசகர்: "எங்கள் வெள்ளிக்கிழமை பைபிள் ஸ்டடியில் ஒரு தம்பி குண்டைத் தூக்கிப் போட்டான். மத்தேயு 24 முழுவதும் கி.பி. 70-லேயே நடந்துவிட்டதாம். எருசலேம் ஆலயம் இடிந்ததுதான் இயேசுவின் இரண்டாம் வருகையாம். இனி யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாமாம். பாஸ்டர் முகம் சிவந்துவிட்டது. அண்ணே, இது கள்ள உபதேசமா, இல்லை நாங்கள்தான் படிக்காமல் இருந்துவிட்டோமா?"

ஜூலை 7, இரவு
இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். தம்பி சொன்னதில் முக்கால்வாசி பழைய, மரியாதையான வாசிப்பு. கடைசிக் கால்வாசியில்தான் வம்பு. விரிவாக நாளைக்கு எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஜூலை 8
முதலில் அந்த முக்கால்வாசி. அதிகாரம் எப்படித் தொடங்குகிறது? சீஷர்கள் ஆலயக் கட்டடத்தைக் காட்டுகிறார்கள். இது கல்லின்மேல் கல் இல்லாமல் போகும் என்கிறார் இயேசு. எப்போது என்று கேட்கிறார்கள். 34ஆம் வசனத்தில் பதில் வருகிறது: "இவைகளெல்லாம் சம்பவிக்குமுன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது." பேசியது ஏறக்குறைய கி.பி. 30. ஆலயம் எரிந்தது 70. ஒரு தலைமுறைக் கணக்குக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

நடந்ததும் ஒரே நாளில் நடந்ததல்ல. 66-ல் யூதர்கள் ரோமருக்கு எதிராக எழுந்தார்கள். சிரியாவின் ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் படையோடு வந்து நகரத்தைச் சூழ்ந்தார், பிறகு திடீரென்று பின்வாங்கினார். 67-ல் வெஸ்பாசியன் வந்தார். 68-ல் பேரரசன் நீரோ செத்தான். ரோமாபுரியில் பதவிச் சண்டை. 69-ல் வெஸ்பாசியனே பேரரசரானார், முற்றுகையை மகன் டைட்டஸ் நடத்தி முடித்தார். ஆலயத்திலிருந்து கொள்ளையடித்த குத்துவிளக்கைப் படைவீரர்கள் தோளில் தூக்கிப்போகும் காட்சி ரோமில் டைட்டஸ் வளைவில் இன்னும் இருக்கிறது.

லூக்கா 21:20 இன்னும் நேராகவே சொல்கிறது: எருசலேமைச் சேனைகள் சூழ்ந்திருப்பதைக் கண்டால் அழிவு சமீபம் என்று அறியுங்கள். அப்போது யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகட்டும். யூதேயாவில் இருப்பவர்கள் என்றுதான் இருக்கிறது, பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருப்பவர்கள் என்று இல்லை. எங்களுக்கு மலை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, 1923 முதல் ரயிலே விட்டிருக்கிறார்கள். உலகம் முழுவதற்குமான எச்சரிக்கை என்றால், ஓடுவது ஓய்வுநாளில் நேராதபடி ஜெபியுங்கள் என்று ஏன் சொல்ல வேண்டும்? எருசலேம் கிறிஸ்தவர்கள் போருக்கு முன்பே யோர்தானுக்கு அக்கரையில் இருந்த பெல்லா ஊருக்குப் போய்விட்டதாகப் பழைய சபை வரலாற்றாசிரியர் யூசிபியஸ் எழுதியிருக்கிறார். அவர்கள் இந்த வசனங்களை நாளிதழ்ச் செய்திபோலத்தான் வாசித்திருக்க வேண்டும்.

ஜூலை 9
"சரி, சூரியன் எங்கே இருண்டது? நட்சத்திரம் எங்கே விழுந்தது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஏசாயா 13-ஐ எடுத்துப் படியுங்கள். பாபிலோன் வீழும்போது நட்சத்திரம் ஒளி கொடாது, சூரியன் இருளும் என்று இருக்கிறது. எசேக்கியேல் 32-ல் எகிப்துக்கும் இதே வர்ணனை. ஏசாயா 19-ல் கர்த்தர் மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருகிறார். அன்றைக்கு எகிப்தில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை, படையைத்தான் பார்த்தார்கள். ராஜ்யம் சாய்வதைத் தீர்க்கதரிசிகள் அப்படித்தான் பாடுவார்கள்.

தானியேல் 7-ல் மனுஷகுமாரன் மேகங்களோடு எந்தத் திசையில் போகிறார் என்றும் பாருங்கள். பூமிக்கு இறங்கவில்லை, நீண்ட ஆயுசுள்ளவரிடத்துக்குப் போகிறார். இந்த ஒரு விஷயத்தை முதன்முதலில் கவனித்தபோது நான் பைபிளை மூடிவிட்டு மாமாக் கடைக்குப் போய்விட்டேன். தே தாரிக் ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 12
புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் ஐயா, கொஞ்சம் கோபமாகவே: "கல்லின்மேல் கல் இராது என்றாரே. மேற்குச் சுவர் இன்னும் நிற்கிறதே! அப்படியானால் இன்னும் நிறைவேறவில்லை."

ஐயா, அது ஆலயத்தின் சுவர் அல்ல. ஏரோது ராஜா ஆலய வளாகத்தைப் பெரிதாக்கி மேடை எழுப்பியபோது, அந்த மேடையைத் தாங்கக் கட்டிய சுவர். மேடைமேல் இருந்த கட்டடங்கள் போய்விட்டன. ரோமர்கள் மேலிருந்து தள்ளிய பெரிய கற்கள், அந்தச் சுவரின் தென்கோடி அடிவாரத்தில், அன்றைய தெருவின்மேல் குவியலாகவே கிடக்கின்றன. தோண்டியெடுத்து அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

24:14-ஐயும் கேட்டிருந்தார், சுவிசேஷம் பூலோகமெங்கும் பிரசங்கிக்கப்படுவது. மிஷனரி கூட்டங்களில் காணிக்கைப் பெட்டி வருவதற்கு முன்னால் வாசிக்கிற வசனம் அது. நிறைவேறிவிட்டது என்பவர்கள் கொலோசெயர் 1:23-ஐக் காட்டுவார்கள். வானத்தின் கீழ் இருக்கிற எல்லாருக்கும் பிரசங்கிக்கப்பட்டது என்று பவுலே சொல்கிறாரே என்பார்கள். இது அவர்களுடைய பலவீனமான வாதங்களில் ஒன்று என்பேன். பவுல் அங்கே உற்சாகத்தில் பேசுகிறார், கணக்கு ஒப்பிக்கவில்லை.

ஜூலை 13
ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் பர்மா சாலையில் போகிறவர்கள் பிரதரன் சபைக்காரர்களின் காஸ்பல் ஹாலையும் அட்வென்டிஸ்ட் மருத்துவமனையையும் பார்த்திருப்பீர்கள். கடைசிக்காலம் பற்றிய இரண்டு பெரிய பரம்பரைகளின் கிளைகள், ஒரே சாலையில்.

அட்வென்டிஸ்டுகளின் வேர் வில்லியம் மில்லர். தானியேலின் 2300 நாட்களை வருடமாக எண்ணி, 1844 அக்டோபர் 22-ல் கிறிஸ்து வருவார் என்று அவருடைய இயக்கம் காத்திருந்தது. வரவில்லை. தீர்க்கதரிசனம் சபை வரலாறு நெடுகிலும் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவேறி வருகிறது என்று வாசிக்கிற வழி அது. பிரதரன் பக்கம் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). சபை முதலில் எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருட உபத்திரவம், பிறகு வருகை என்கிற வரிசையை உலகமெங்கும் பரப்பியவர். அவர் கூட்டத்திலேயே பி. டபிள்யூ. நியூட்டன் போன்றவர்கள் அதை எதிர்த்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. 1909-ல் ஸ்கோஃபீல்டு குறிப்புகளோடு பைபிள் அச்சான பிறகு டார்பியின் வரிசை பக்கத்தின் அடியிலேயே ஏறிவிட்டது. நான் வளர்ந்த ஞாயிறு பள்ளிச் சுவரில் தொங்கிய துணி சார்ட்டும் அதுதான். நாங்கள் மெதடிஸ்டுகள், எங்களுக்கும் டார்பிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் சார்ட் எப்படியோ வந்துவிட்டது.

மூன்றாவது வழிதான் தம்பி பேசியது, பிரீட்டரிசம்: நடந்துவிட்டது. இதைப் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலுக்கு முறையாகப் பொருத்தியவர் ஸ்பானிய யேசு சபைக் குரு லூயிஸ் தே அல்காசார், நூல் 1614-ல் வெளிவந்தது. சீர்திருத்தக்காரர்கள் போப்பை அந்தப் புத்தகத்தில் வரும் மிருகம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அல்காசார் அதெல்லாம் பழைய ரோமின் கதை என்றார். அவருக்கு முன்பே இன்னொரு யேசு சபைக்காரர், பிரான்சிஸ்கோ ரிபேரா, அதெல்லாம் இனிமேல் வரப்போகும் கதை என்றார். போப்பைக் காப்பாற்ற இரண்டு பக்கமும் கதவு திறந்தார்கள் என்று புராட்டஸ்டன்டுகள் கிண்டலடிப்பார்கள். இன்றைக்கு அந்த இரண்டு கதவுகளிலும் கூட்டமாக நுழைந்து போகிறவர்கள் புராட்டஸ்டன்டுகள்தான்.

ஜூலை 17
சார்ட் பற்றி எழுதியதும் பலருக்குக் கோபம். "எதிர்காலம் என்று நேரடியாக வாசிப்பதுதான் விசுவாசம், மற்றதெல்லாம் வெட்டி ஒட்டுவது" என்கிறார் ஒருவர்.

எல்லாரும்தான் வெட்டுகிறார்கள். எங்கே வெட்டுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். தானியேல் 9-ல் எழுபது வாரங்கள் வருகின்றன. ஒரு வாரம் ஏழு வருடம். அறுபத்தொன்பது வாரம் ஓடி மேசியாவில் முடிகிறது. எழுபதாவது வாரம்? டார்பி வழியில் அது இன்னும் தொடங்கவில்லை. நடுவில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருட இடைவெளி. வசனத்தில் அந்த இடைவெளி எழுதியிருக்கவில்லை, நாம் வைக்கிறோம்.

பாதி நிறைவேறியது என்பவர்களும் வெட்டுகிறார்கள். அமெரிக்க இறையியலாளர் ஆர். சி. ஸ்ப்ரவுல் 1998-ல் எழுதிய நூலில் ஆலயத்தின் அழிவை 70-ல் வைத்துவிட்டு, கடைசி உயிர்த்தெழுதலையும் நியாயத்தீர்ப்பையும் எதிர்காலத்தில் வைத்தார். இந்த அணியில் பலர் மத்தேயு 24:35-க்குப் பிறகு கோடு கிழிப்பார்கள். "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" என்று 36 தொடங்கும்போது பேச்சு வேறு நாளுக்குப் போகிறது என்பது அவர்கள் வாதம். போகிறதா? எனக்குப் போவதாகத்தான் படுகிறது. அதுவரை அடையாளம் அடையாளமாகச் சொல்லிவந்தவர், அதற்குப் பிறகு அடையாளமே இல்லை, திருடன் வருவதுபோல என்கிறார். ஆனால் அது மயிரிழை வெட்டு, எனக்கே தெரியும். லூக்கா 17-ல் இரண்டு பகுதியின் வசனங்களும் கலந்து கிடக்கின்றன, அங்கே அந்தக் கோடு நிற்காது.

வெட்டே இல்லாமல் வாசிப்பவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான்: எல்லாமே 70-ல் முடிந்தது என்கிற முழு பிரீட்டரிஸ்டுகள். வாசிப்பு தையலே தெரியாமல் வழவழவென்று இருக்கும். அதற்கு அவர்கள் கொடுக்கிற விலை வேறிடத்தில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

ஜூலை 18
இடைவேளை. தானியேல் கணக்கை நாள் கணக்காகப் போட்டுக் காட்டிய சர் ராபர்ட் ஆண்டர்சன் பற்றி ஒருவர் கேட்டார். 360 நாளை ஒரு வருடமாக வைத்து, கி.மு. 445-லிருந்து 1,73,880 நாட்கள் எண்ணி, குருத்தோலை ஞாயிற்றில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆமாம், லண்டன் போலீசில் குற்றப்பிரிவின் தலைமையில் இருந்தவர்தான். ஆமாம், ஜாக் தி ரிப்பர் வழக்கு நடந்த 1888-ல்தான் அந்தப் பதவிக்கு வந்தார். இல்லை, அவனைப் பிடிக்கவில்லை. கேட்டவர் அதை ஒரு வாதமாகவே வைக்கிறார், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொலைகாரனைப் பிடிக்காதவர் கணக்கில் சரியாக இருக்கலாம். அவர் கணக்கு தடுமாறுவது சிலுவையை கி.பி. 32-ல் வைப்பதால். பெரும்பாலான ஆய்வாளர்கள் 30 அல்லது 33 என்கிறார்கள்.

ஜூலை 22
ஆலயம் சரி, உபத்திரவம்? 24:21: உலகம் உண்டானதுமுதல் இதுவரை சம்பவித்திராததும் இனிமேல் சம்பவியாததுமான மிகுந்த உபத்திரவம். இதை 70-ல் வைக்கும்போது எனக்குத் தொண்டையில் அடைக்கிறது.

எருசலேம் முற்றுகையில் பதினோரு லட்சம் பேர் செத்தார்கள் என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதினார். அது மிகை என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுக்கருத்து. பட்டினியில் தாய் பிள்ளையைத் தின்ற கதையும் அவர் சொன்னதுதான். கொடுமைதான். ஆனால் என் பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் லயத்து வீடுகளிலிருந்து ஆண்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். பல்லாயிரம் தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே போனார்கள். பாட்டியின் அண்ணனும் திரும்பவில்லை. உபத்திரவ காலம் இனிமேல்தான் வரும் என்று யாராவது பிரசங்கித்தால் பாட்டி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்போ நாங்க பார்த்தது என்னவாம்?" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்வார்.

அந்தக் கேள்வி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இனிமேல்தான் என்பவரையும், 70-ல் முடிந்தது என்பவரையும். பிரீட்டரிஸ்டுகளின் பதில்: இது தீர்க்கதரிசிகள் பேசும் பாணி, எசேக்கியேல் 5:9-ல் பாபிலோனியரால் வந்த அழிவைப் பற்றியும் இனி ஒருக்காலும் இப்படிச் செய்யமாட்டேன் என்று இருக்கிறது. அந்த வசனம் அவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது. இரண்டு முறை "இனி ஒருக்காலும்" என்றால் அது அளவுகோல் அல்ல. வாதமாக ஏற்கிறேன். பாட்டியிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூலை 27
முழு பிரீட்டரிசத்தின் விலை. வருகை 70-ல் முடிந்தது என்றால் உயிர்த்தெழுதலும் 70-ல் முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பவுல் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார் (1 தெசலோனிக்கேயர் 4, 1 கொரிந்தியர் 15). அப்போது எந்தக் கல்லறை திறந்தது? கண்ணுக்குத் தெரியாமல் திறந்தது, ஆவிக்குரிய உயிர்த்தெழுதல் என்பார்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ரசல் 1878-ல் இந்தப் பக்கம் வெகுதூரம் போனார். 1970-களில் அமெரிக்காவில் மேக்ஸ் கிங் அதை முழு அமைப்பாக்கினார்.

இந்த "கண்ணுக்குத் தெரியாமல்" என்பதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1844-ல் கிறிஸ்து வரவில்லை, ஆனால் பரலோகப் பரிசுத்த ஸ்தலத்தில் ஒரு புதிய ஊழியம் தொடங்கினார் என்றார்கள் அட்வென்டிஸ்டுகள். 1914-ல் கண்ணுக்குத் தெரியாமல் ஆளத் தொடங்கிவிட்டார் என்கிறார்கள் யெகோவா சாட்சிகள். நம் பக்கத்திலும் உண்டு: தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், திருவிதாங்கூரில், 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். ஆண்டு வந்துபோனது. யூயோமயம் என்று ஒரு சபை மிஞ்சியது. முழு பிரீட்டரிஸ்டுகள் நாள் குறித்து ஏமாந்தவர்கள் அல்லர், அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கேட்பவனுக்குக் கிடைப்பது அதே சரக்கு: எல்லாம் நடந்துவிட்டது, நீ பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2 தீமோத்தேயு 2:17-18-ல் இமெநேயு, பிலேத்து என்று இரண்டு பேர், உயிர்த்தெழுதல் நடந்தாயிற்று என்று சொல்லிச் சிலருடைய விசுவாசத்தைக் கவிழ்த்தார்கள் என்று இருக்கிறது. அவர்கள் 70-க்கு முன்பு சொன்னதால்தான் தப்பு, இப்போது சொன்னால் சரி என்று முழு பிரீட்டரிஸ்டுகள் பதில் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான பதில். என்னை அசைக்கவில்லை.

ஜூலை 28
வெளிப்படுத்தல் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையாம். சுருக்கமாக: 70-ஐப் பற்றிய புத்தகம் என்றால் 70-க்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆதிச் சபைத் தலைவர் இரேனேயுஸ் சுமார் 180-ல் எழுதும்போது, அது பேரரசன் டொமிஷியன் ஆட்சியின் கடைசியில் காணப்பட்டது என்கிறார், அதாவது 95 வாக்கில். பாதி பிரீட்டரிஸ்டான கென்னத் ஜென்ட்ரி போன்றவர்கள் அந்தச் சாட்சியத்தைக் கேள்வி கேட்டு நீரோ காலத்துக்கு இழுக்கிறார்கள். மிருகத்தின் எண்ணான 666 எபிரெய எழுத்தில் நீரோ ராயன் பெயருக்குக் கூட்டுத்தொகை, சில பிரதிகளில் 616 இருப்பதும் அதற்கு ஒத்துவருகிறது. 95-க்குப் பிறகும் நீரோ திரும்பி வருவான் என்று ஜனங்கள் பயந்துகொண்டிருந்ததால், இது தேதியை நிரூபிக்காது. மத்தேயு 24 வாதம் இந்தத் தேதியை நம்பி நிற்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

பார்கோட், மைகாட் அடையாள அட்டையின் சிப், தடுப்பூசி, இப்படி 666-ஆக இருந்தவை ஒன்றிரண்டல்ல. 2021-ல் எங்கள் சபை வாசலில் கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலியில் ஸ்கேன் செய்யமாட்டேன் என்று ஓர் ஆன்டி நின்றார். மிருகத்தின் முத்திரையாம். வெயிலில் நின்று, பிறகு நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனார். திரும்பும்போது டச் என் கோ கட்டண அட்டையைத் தட்டிப் பாலத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போனார். 2004 டிசம்பர் 26 ஞாயிறு மதியம் கடல் ஏறி வந்தபோதும் அடுத்த வாரப் பிரசங்கங்கள் எல்லாம் மத்தேயு 24-தான். அதில் சமுத்திரம் இல்லை, அது லூக்கா 21:25. அதைக்கூட யாரும் சரிபார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4
இஸ்ரவேல் பற்றிக் கேட்டே ஆவார்கள் என்று தெரியும். நம் மலேசியப் பாஸ்போர்ட்டில் அந்த நாட்டைத் தவிர என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் நம் பிரசங்க மேடைகளில் அந்த நாட்டைத் தவிர வேறு நாடே இல்லாததுபோல் இருக்கும். 2022 செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து ஆலயச் சுத்திகரிப்புக்குத் தேவை என்று சொல்லி ஐந்து சிவப்புக் கிடாரிகளை அங்கே கொண்டுபோனபோது என் போனில் வந்து விழுந்த வீடியோக்களுக்கு அளவில்லை. மூன்றாம் ஆலயம் கட்டப்போகிறார்களாம், உடனே முடிவாம். 363-ல் பேரரசன் ஜூலியன் ஆலயத்தைத் திரும்பக் கட்டக் கிளம்பிப் பாதியில் நின்றுபோன கதை இவர்களுக்குத் தெரிவதில்லை.

தலைப்புச் செய்திகளிலிருந்து விடுதலை கிடைக்கிறது என்பதால் நம் வாலிபர்கள் பலருக்குப் பிரீட்டரிசம் இனிக்கிறது. புரிகிறது, எனக்கும் இனித்தது. ஆனால் அதில் ஒரு கசப்பும் உண்டு. 70-ன் அழிவை "யூதருக்குக் கிடைத்த தண்டனை" என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிச் சொல்லி ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் அவர்களை அடித்தார்கள். இயேசு அந்த நகரத்தைப் பார்த்து அழுதார் என்று லூக்கா 19-ல் இருக்கிறது. கி.பி. 70 பற்றிய சில வீடியோக்களில் தெரியும் குஷி எனக்குக் குமட்டுகிறது.

ஆகஸ்ட் 10
செந்தூல் நண்பர் திரும்பவும்: தம்பியை ஞாயிறு பள்ளி வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். "நேராகச் சொல்லுங்கள், சரியா தப்பா?"

மத்தேயு 24-ன் பெரும்பகுதி 70 என்பதற்காக நிறுத்தினால் தப்பு. அதைச் சொன்ன நல்ல போதகர்கள் பலர், வருகையையும் உயிர்த்தெழுதலையும் அறிக்கையிடுகிற நைசீன் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வார்த்தையையும் விட்டவர்கள் அல்லர். இனி வருகையே இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், பிரமாணத்தை வைத்திருக்கிற எந்தச் சபையும் நிறுத்தத்தான் செய்யும். தம்பி இரண்டில் எதைச் சொன்னான் என்று பாஸ்டர் கேட்டாரா? கேட்காமலே நிறுத்தியிருப்பார் என்பது என் சந்தேகம், பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது.

என் கோடு எங்கே என்றால், கல்லறைப் பக்கம். அம்மாவை அடக்கம் செய்தபோது போதகர் 1 கொரிந்தியர் 15 வாசித்தார். நான் அந்த வருடம் பிரீட்டரிஸ்ட் புத்தகங்களில் மூழ்கியிருந்தேன். மண்ணைப் போடும்போது, இது எப்போதோ நிறைவேறிவிட்டது என்று அந்த வசனத்தை வாசிக்க முடியுமா என்று எனக்குள் கேட்டுப்பார்த்தேன். முடியாது. இது உணர்ச்சி, வாதம் அல்ல என்று ஒருவர் எழுதுவார், எழுதட்டும். பவுலின் வாதமே ஒரு சரீரத்தைப் பற்றியது. கிறிஸ்துவின் கல்லறை உண்மையாகக் காலியானதுபோல் என்று தொடங்கி, உங்களுடையது காலியாகத் தெரியாது, ஆனாலும் காலிதான் என்று முடிந்தால் அது வாதமாக நிற்காது.

ஆகஸ்ட் 11
சார்ட்டைக் கழற்றச் சொல்கிறேனா என்று மூன்று பேர். கழற்ற வேண்டாம், துணி நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் 66 முதல் 70 வரை இன்னொன்று வரைந்து மாட்டுங்கள். தம்பிக்கு வகுப்பு இல்லாததால் நேரம் இருக்கும், அவனையே வரையச் சொல்லுங்கள். செஸ்டியஸ் காலஸை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், எல்லாரும் அவரைத்தான் விட்டுவிடுகிறார்கள்.